கோர்வைச் சத்தம்

1

பல் துலக்குவதற்கு முன்னால் என் அப்பா உயிரோடு இருக்கிறாரா என்று பார்த்துவிடுவேன். வேடிக்கைக்காகச் சொல்லவில்லை, நாலு வருஷப் பழக்கம். நான் இருப்பது நெதர்லாந்தில் ஐந்தோவன் என்னும் ஊர். அப்பா இருப்பது பெரிய காஞ்சிபுரத்தில், நான் பிறந்த அதே வீட்டில், தனியாக. குளிர்காலத்தில் எனக்குக் காலை ஏழு என்றால் அவருக்குப் பகல் பதினொன்றரை. கண் விழித்ததும் கை போனைத் தேடும். வாட்ஸப்பில் கடைசியாக எப்போது வந்துபோனார் என்று பார்ப்பேன். யாருக்காவது பிள்ளையார் படத்தோடு காலை வணக்கம் அனுப்பியிருந்தால் பாதி உயிர் வரும். மீதி உயிருக்காகக் கூப்பிடுவேன்.

எடுத்ததும் அவர் சொல்வது எப்போதும் ஒன்றுதான். "இருக்கேன்மா." நல்லா இருக்கேன் என்றுகூட இல்லை, வெறும் இருக்கேன். நான் கேட்பது அதைத்தான் என்று அவருக்கும் தெரியும். அதற்குப் பிறகுதான் குளிர் எப்படி, சாப்பாடு எப்படி என்பதெல்லாம்.

ஐரோப்பாவில் வேலை பார்க்கிற பெண்ணுக்கு என்ன குறை, பனியில் நின்று போட்டோ போடுகிறாளே என்று செவிலிமேட்டு உறவுக்காரர்கள் நினைப்பது எனக்குத் தெரியும். அந்தப் போட்டோவில் கையுறைக்குள் போனைப் பிடித்திருக்கிறேன். அது அடித்துவிடுமோ என்றும் பயம், அடிக்காமலே இருந்துவிடுமோ என்றும் பயம். அவர்களுக்காகவும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

தை மாதக் கடைசியில் ஒரு நாள் காலை வழக்கம்போலக் கூப்பிட்டேன். அப்பா எடுத்தார், இருக்கேன்மா என்றார், தறியில் இருப்பதாகச் சொன்னார். வேலைக்குக் கிளம்பு என்று சொல்லிவிட்டுப் போனை ஜன்னல்மேல் வைத்தவர் அணைக்க மறந்துவிட்டார். நானும் அணைக்கவில்லை. வீட்டுச் சத்தம் கொஞ்ச நேரம் ஓடட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பல் துலக்கப் போனேன். வாயில் நுரையோடு அப்படியே நின்றுவிட்டேன்.

தறிச் சத்தத்தில் இடைவெளி இருந்தது.

நெசவு தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். புடவையின் உடலும் கரையும் ஒரே நிறமாக இருந்தால் குறுக்கிழையைக் கொண்டு ஓடும் நாடா ஒன்று போதும், ஒரே ஆள் போதும். நாடா போகும், பலகை அடிக்கும், மறுபடி போகும், மறுபடி அடிக்கும், மூச்சு விடாமல் ஓடும் சத்தம் அது. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால் அதற்குப் பெயர் கோர்வை. அதற்கு மூன்று நாடா, இரண்டு ஆள். நெய்கிறவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து இடது கரையின் நாடாவைப் போட வேண்டும். ஒவ்வொரு இழைக்கும் ஒருவர் கைக்காக இன்னொருவர் காத்திருப்பார். அதனால் பலகை அடித்ததும் ஒரு சின்ன இடைவெளி விழும், பிறகுதான் அடுத்த அடி. அந்த இடைவெளியைத்தான் கேட்டேன்.

அம்மா போனபிறகு அப்பா கோர்வை நெய்ததே இல்லை. ஒற்றை நாடாப் புடவைதான். இப்போது அவர் பக்கத்தில் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த இடம் அம்மாவுடையது.

2

அம்மா போய் இந்த மாசியோடு நாலு வருஷம். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. மேல்படிப்புக்காக இங்கே வந்து முதல் குளிர்காலம்.

அம்மாவுக்கு ஒரு வாரமாகத் தலைவலி இருந்திருக்கிறது. மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டிருக்கிறாள். யாரிடமும் சொல்லவில்லை. அன்றைக்கு மத்தியானம் சாப்பாடு போட்டுவிட்டுத் தறிக்குப் பக்கத்திலேயே முந்தானையைக் கண்மேல் போட்டுக்கொண்டு படுத்தாள். அவள் இல்லாமல் கரை போட முடியாது. அப்பா தறியில் உட்கார்ந்து காத்திருந்தார். அசந்து தூங்குகிறாளே, எழுப்ப வேண்டாம் என்று விட்டுவிட்டார். காபி நேரத்துக்கு எழுப்பினார். அவள் எழுந்திருக்கவில்லை. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது, இது யாருக்கு வேண்டுமானாலும் நடக்கும் என்றார் டாக்டர். ஆறுதலாகத்தான் சொன்னார். யாருக்கு வேண்டுமானாலும் என்ற அந்தச் சொல் எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டு இன்றுவரை எழுந்திருக்கவில்லை.

எனக்குப் போன் வந்தபோது சூப்பர் மார்க்கெட்டில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தேன். ஊருக்குப் போய்ச் சேரும்வரை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கை நிறைய வளையல் போட்டிருந்தது. புருஷன் இருக்கப் போய்விட்டாள், பூவும் பொட்டுமாகப் போய்விட்டாள், புண்ணியவதி என்று தெருவே சொன்னது. நாற்பத்தாறு வயதில் என்ன புண்ணியம் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. காரியம் முடிந்ததும் பரீட்சை இருந்ததால் திரும்பி வந்துவிட்டேன்.

இங்கே துக்கத்துக்கும் பிறந்தநாளுக்கும் ஒரே மாதிரி கை குலுக்குகிறார்கள், சொல்லும் வார்த்தைதான் வேறு. இரண்டும் ஒரே மாதிரி ஆரம்பித்து ஒரே மாதிரி முடியும் நீளமான வார்த்தைகள். மொழி பாதிதான் பிடிபட்டிருந்த அந்த நாட்களில், தம்பியை இழந்த என் பக்கத்து வீட்டு அன்னெகெ அம்மாளிடம் கையைப் பிடித்துக்கொண்டு மனமார்ந்த வாழ்த்தைச் சொல்லிவிட்டேன். அவர் ஒரு கணம் விழித்துவிட்டு, அவன் சுபாவத்துக்கு அதுவே பொருத்தம் என்று சொல்லி அழுகையோடு சிரித்தார். நல்ல மனுஷி. என் பெயர் உமா. இங்கே ஓமா என்றால் பாட்டி. இருபத்து மூன்று வயதில் தாயில்லாமல் போய், ஊராருக்குப் பாட்டியாகவும் ஆகிவிட்டேன்.

3

அப்பா போனை எடுக்காவிட்டால் என்ன செய்வேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், சிரிக்க நினைப்பவர்கள் சிரிக்கலாம். இரண்டாம் முறை கூப்பிடுவேன். பிறகு எதிர்வீட்டில். பிறகு தெருமுனை டீக்கடையில். டீக்கடைக்காரர் என் குரல் கேட்டதும், இப்பத்தான் டீ குடிச்சிட்டுப் போனார் என்று பார்க்காமலே சொல்லிவிடுவார். அது தெரிந்தும் எனக்கு நிம்மதியாக இருக்கும். ஒருமுறை கருட சேவைக் கூட்டத்தில் அவர் போனை எடுக்கவில்லை. நான் எதிர்வீட்டுப் பையனை வண்டியில் அனுப்பி, கூட்டத்துக்குள் அவரைத் தேடிப் பிடித்து, பெருமாளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என்னிடம் பேச வைத்தேன். "சாமி போவுதுமா, கும்பிட்டுக்கறேன்" என்று மட்டும் சொன்னார். ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. அவர் கடிந்துகொள்ளாததே எனக்குப் பயமாக இருந்தது. அவருக்கும் உள்ளே ஏதோ உடம்புக்கு இருக்கிறதோ, மறைக்கிறாரோ என்று அன்று முழுக்க வேலை ஓடவில்லை.

எனக்கு வரும் ஒவ்வொரு தலைவலியும் அம்மாவின் தலைவலிதான். இங்கே டாக்டரைப் பார்ப்பது சுலபமில்லை. முதலில் போனில் ஒரு அம்மாள் ஆயிரம் கேள்வி கேட்பார். அதையும் தாண்டி உள்ளே போனால் பாரசிட்டமால் போட்டுக்கொண்டு இரண்டு வாரம் பொறுங்கள் என்பார் டாக்டர். என் அம்மா ஒரு வாரம் பொறுத்துத்தான் செத்துப்போனாள் என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். அந்த டாக்டர் கணினியிலிருந்து கையை எடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். ஸ்கேனுக்கு எழுதிக்கொடுத்தார். ஒன்றுமில்லை என்று வந்தது. அந்த ஒன்றுமில்லையை எவ்வளவு நாள் நம்பலாம் என்று கேட்க வாயெடுத்துவிட்டுப் பேசாமல் வந்தேன்.

4

கோர்வைச் சத்தம் கேட்ட அன்று அப்பாவிடம் எதுவும் கேட்கவில்லை. செவிலிமேட்டில் இருக்கும் அத்தையைக் கூப்பிட்டேன். அத்தை அப்பாவின் அக்கா. எங்கள் வீட்டில் நல்லதோ கெட்டதோ அவள் வாயைத் தாண்டித்தான் நடக்கும்.

சுற்றி வளைக்கவில்லை அவள். தாமல் பக்கத்திலிருந்து ஒரு பெண்பிள்ளை நாலைந்து மாதமாகத் தினம் பஸ்ஸில் வந்து கோர்வை போட்டுவிட்டுப் போகிறாள். பெயர் வசந்தா. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, அண்ணன் வீட்டில் இருக்கிறாள். வேலைக்கு என்றுதான் வந்தாள். இப்போது இரண்டு பேருக்கும் கல்யாணம் பேசலாம் என்று அத்தைதான் ஆரம்பித்திருக்கிறாள். அப்பா வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. எம்பொண்ணு உமா சொல்லணும் என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று முழுதாக நினைவில்லை. அம்மா உட்கார்ந்த இடம் என்று திரும்பத் திரும்பச் சொன்னது நினைவிருக்கிறது. அத்தை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கடைசியில் மெதுவாகச் சொன்னாள்.

"இன்னும் எத்தினி நாளைக்கு உமா, போன்லயே அவனுக்கு மூச்சு இருக்குதான்னு பாத்துக்கினு இருப்ப?"

போனை வைத்துவிட்டேன். அந்தக் கேள்வியை நானே எனக்குள் வேறு மாதிரி எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். ராத்திரி அவருக்கு நெஞ்சு வலித்தால் யார் தண்ணீர் கொடுப்பார்கள், குளியலறையில் வழுக்கினால் யார் கதவைத் தட்டுவார்கள் என்று. இப்போது தட்ட ஒரு ஆள் வருகிறது என்றதும் அந்த ஆள் ஏன் வருகிறது என்று கோபம். இரண்டும் என் மனசுதான். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துப் பேசாமல் உட்கார்ந்திருந்தன.

அதன்பிறகு சில நாள் அப்பாவை நான் கூப்பிடவில்லை. அவர் வாட்ஸப்பில் வந்துபோவதை மட்டும் பார்த்துக்கொண்டேன். முதல்நாள் அவர் ஒன்றும் செய்யவில்லை. மறுநாள் கூப்பிட்டார், எடுக்கவில்லை. அதற்கடுத்த நாள் நான் அலுவலகக் கூட்டத்தில் இருந்தபோது போன் மேஜைமேல் ஓயாமல் அதிர்ந்தது. அப்பா, அப்பா, அத்தை, எதிர்வீடு, அப்பா. கடைசியில் டீக்கடைக்காரர். டீக்கடைக்காரர் பெயரைப் பார்த்ததும் எழுந்து வெளியே ஓடினேன்.

எடுத்தால் அப்பாதான் பேசினார், டீக்கடைப் போனிலிருந்து. மூச்சு வாங்கியது. என்னப்பா ஆச்சு என்று கேட்டேன்.

"எனக்கு இன்னா ஆவுது? நீ எடுக்கலயேமா. அங்க தனியா கீற, இன்னாவோ ஏதோன்னு கைகாலு ஓடல."

நாலு வருஷமாக இந்தப் பயம் என் ஒருத்திக்குத்தான் என்று நினைத்திருந்தேன். அவர் தினமும் என் போனுக்காகக் காத்திருந்தார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அலுவலக மாடிப்படியில் உட்கார்ந்து, "இருக்கேன்பா" என்றேன். பிறகு அவரே ஆரம்பித்தார். அம்மாவுக்குப் பூவாடைக்காரி படையல் போட வேண்டும், அவளிடம் கேட்காமல் எதுவும் செய்யமாட்டேன், நீயும் வர வேண்டும், உனக்குப் பிடிக்கவில்லை என்றால் இந்தப் பேச்சே வேண்டாம், வசந்தாவும் நாளையிலிருந்து வர மாட்டாள் என்றார்.

எங்கள் பக்கத்தில் சுமங்கலியாகப் போன பெண் அந்த வீட்டுக்குத் தெய்வம். வீட்டில் நல்ல காரியம் என்றால் முதலில் அவளைத் தண்ணீர்த்துறையிலிருந்து அழைத்துவந்து, புதுப்புடவை வைத்துப் படைத்து, உத்தரவு கேட்க வேண்டும். படைத்த புடவையை வீட்டுப் பெண் யாராவது கட்டிக்கொள்வார்கள். புருஷன் மறுகல்யாணம் செய்துகொள்கிறான் என்றால் அதை வரப்போகிறவள்தான் கட்ட வேண்டும். புடவையை எடுத்துக்கொடுக்க வேண்டியது மகள். அதாவது நான்.

5

போவதற்கு முன்னால் ஒரு சிக்கல். என் குடியிருப்பு அட்டை காலாவதியாகி, புதிதுக்கு எழுதிப்போட்டுக் காத்திருந்த நேரம். இந்த நிலையில் நாட்டைவிட்டுப் போனால் திரும்பி உள்ளே விடமாட்டார்கள். பாஸ்போர்ட்டில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி வாங்க வேண்டும். அதற்கு நேரம் குறித்துக்கொண்டுதான் போக முடியும், குறிக்கப்போனால் படையலுக்கு அப்புறம்தான் தேதி இருக்கிறது. காலையில் அப்பா உயிரோடு இருக்கிறாரா என்று பார்த்ததும் அடுத்தபடி யாராவது நேரத்தை ரத்து செய்திருக்கிறார்களா என்று பார்க்க ஆரம்பித்தேன். ஒருவழியாகப் பக்கத்து ஊர் அலுவலகத்தில் ஒரு இடம் கிடைத்தது.

ஜன்னலுக்குப் பின்னால் இருந்த இளைஞர் என்னை ஓமா என்று கூப்பிட்டார், திருத்தவில்லை. பயணத்துக்கு என்ன காரணம் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த டச்சில் உண்மையைச் சொன்னேன், என் அம்மாவை அழைக்கப் போகிறேன் என்று. அவரும் இங்கே குடியேற விரும்புகிறாரா, அப்படியானால் அது வேறு பிரிவு என்றார். இல்லை, அவர் இறந்துவிட்டார் என்றேன். இளைஞர் முகம் மாறிற்று, வருத்தம் தெரிவித்தார். பிறகு தயங்கி, அப்படியென்றால் யாரை அழைக்கிறீர்கள் என்று கேட்டார். அவரைத்தான் என்றேன். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. அவர் என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், குடும்பத்தைச் சந்தித்தல் என்று தட்டிவிட்டு ஸ்டிக்கரை ஒட்டினார். ரயிலில் வரும்போது யோசித்தேன், அவர் போட்டதில் பிழை ஒன்றுமில்லை.

6

படையலுக்கு முந்தின நாள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். அப்பா இளைத்திருந்தார். நான் தேடிப்போனது அதைத்தான் என்பதால் அது முதலில் கண்ணில் பட்டது. வசந்தா என்கிற அந்த அம்மா தறியில் இல்லை. சமையல்கட்டுக்குள்ளும் வரவில்லை. பின்கட்டில் நின்றுகொண்டு, நான் தண்ணீர் எடுக்க வந்தபோது பேசினாள். அப்பா வயதுக்குச் சின்னவள், மெலிந்த உடம்பு, பேசும்போது முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"மனசுக்கு ஒப்பலன்னா சொல்லிடுமா. நான் நாடா போட்டுட்டு சாயங்காலம் பஸ்ஸ புடிச்சி போயிக்கினு இருப்பேன், இப்ப மாரியே. ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன்." கொஞ்சம் விட்டு, "உங்கம்மாவ நெனச்சாத்தான் எனக்கு பயமா இருக்குது" என்றாள்.

அவளும் என்னைப் போலத்தான் பயந்துகொண்டிருக்கிறாள் என்பது எனக்குப் பிடிக்கவில்லை. வெறுக்க ஒரு காரணம் கிடைக்கும் என்று இவ்வளவு தூரம் வந்திருந்தேன்.

மறுநாள் சாயங்காலம் தெருக்கோடிக் கிணற்றுக்குப் போனோம். பம்பை மேளம் அடிக்கிறவர்கள் இரண்டு பேர் முன்னால். செம்பில் தண்ணீர் எடுத்து, வேப்பிலை செருகி, மஞ்சள் பூசி வைத்தார்கள். அம்மா அதில்தான் வருவாள். பெரிய பம்பைக்காரர் என்னைப் பார்த்து, பொண்ணு நீதானேமா, வாய்விட்டுக் கூப்பிடு, அப்பத்தான் வருவாங்க என்றார்.

எனக்கு வாய் வரவில்லை. வெட்கமா பயமா என்று தெரியவில்லை. அந்த வார்த்தையை நான் நாலு வருஷமாகச் சத்தமாகச் சொன்னதே இல்லை. அம்மா இறந்தாள், அம்மாவின் பெயர் இது, அம்மாவுக்கு இன்ன நோய் என்றெல்லாம் எத்தனையோ அலுவலக ஜன்னல்களில் சொல்லியிருக்கிறேன். கூப்பிட்டதில்லை. கூப்பிட எனக்கு ஆள் இல்லை. பம்பை அடித்துக்கொண்டே இருந்தது. அத்தை முதுகில் கை வைத்தாள். "அம்மா" என்றேன். கிணற்றுக்குள்ளிருந்து அது திரும்பி வந்தது. இன்னொரு முறை கூப்பிட்டேன், பிறகு நிறுத்த முடியவில்லை. சின்னப் பிள்ளையில் பள்ளிக்கூடம் விட்டு வந்து கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டு அழுதேன்.

வீட்டில் செம்பை வைத்து இலை போட்டார்கள். வடை, கொழுக்கட்டை, வெல்லம் போட்டு இடித்த மாவு. அம்மாவுக்கு பேக்கரி பப்ஸ் உயிர். அப்பா முட்டை பப்ஸ் வாங்கிவந்திருந்தார், அத்தை முட்டை ஆகாது என்றாள், வெஜிடபிள் பப்ஸாக மாற்றி வைத்ததில் அப்பாவுக்கு ஏகக் குறை. இலைக்குப் பக்கத்தில் புடவை. மாம்பழ மஞ்சள், அரக்குக் கரை. கோர்வை. நாலு வருஷத்துக்குப் பிறகு அந்தத் தறியில் இறங்கிய முதல் கோர்வைப் புடவையே அதுதானாம். அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து நெய்து, விற்காமல் அம்மாவுக்கென்று எடுத்துவைத்தது. ஊரார் கல்யாணத்துக்கெல்லாம் கரை போட்ட அம்மா தனக்கென்று ஒன்று போட்டுக்கொண்டதில்லை.

பம்பை ஏறிற்று. எதிர்பார்த்தபடி அத்தைக்குத்தான் அருள் வந்தது. எங்கள் குடும்பத்தில் எந்தத் தெய்வமானாலும் அத்தை மேல்தான் வரும். தலையை ஆட்டினாள், வந்துட்டேன் என்றாள், வெற்றிலை கேட்டாள். என் மனசு சும்மா இருக்காது, நினைத்துவிட்டேன்: அத்தை மேல் வந்த அம்மா அத்தை பக்கம்தானே பேசுவாள். அப்படியே ஆயிற்று. எனக்குச் சம்மதம், எம்பொண்ணு கையால புடவையைக் கொடுக்கச் சொல்லுங்க என்றாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அப்பா சட்டை இல்லாமல், மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கூப்பின கையோடு ஓரமாக நின்றார். என் பக்கம் அவர் பார்க்கவில்லை. வசந்தா வாசல்படிக்கு வெளியே நின்றாள்.

புடவையை எடுத்தேன். கொடுக்கவில்லை. அத்தைக்கு முன்னால் உட்கார்ந்து, இதுவரை யாரிடமும் கேட்காததைக் கேட்டேன்.

"அம்மா, தலை வலிச்சப்ப ஏம்மா யார்கிட்டயும் சொல்லல?"

பம்பைக்காரர் அடிப்பதை நிறுத்திவிட்டார். அத்தையின் தலை ஆடுவது குறைந்து நின்றது. முடி முகத்தில் விழுந்திருந்தது, அதை ஒதுக்கிவிட்டு என்னைப் பார்த்தாள். அது அத்தையின் கண்தான், அத்தையின் குரல்தான்.

"தெரிலயேமா. எங்கிட்டயும் சொல்லலயே. சொல்லியிருந்தா தூக்கிக்கினு ஓடியிருக்க மாட்டனா?"

தெய்வம் பாதியில் இறங்கிவிட்டது என்று யாரோ முணுமுணுத்தார்கள். நான் அத்தையைக் கட்டிக்கொண்டேன். யாருக்கும் தெரியாது. அப்பாவுக்குத் தெரியாது, டாக்டருக்குத் தெரியாது, தெய்வமாக வந்தவளுக்கும் தெரியாது. நாலு வருஷமாக இதற்குப் பதில் எங்கோ இருக்கிறது, கண்டுபிடித்துவிட்டால் அடுத்ததைத் தடுத்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டு ஒவ்வொரு காலையும் போனைத் தேடியிருக்கிறேன். இல்லாததைத் தேடியிருக்கிறேன்.

எழுந்திருக்கும்போது புடவை கையில் இருந்தது. நெசவுக்காரர் வீட்டில் பிறந்த கை சும்மா இருக்காது, இடது கரையை விரலால் தடவிக்கொண்டே போனேன். தொடக்கத்தில் கரை ஒரு இடத்தில் இறுகி, ஒரு இடத்தில் தளர்ந்து கிடந்தது. பயந்துகொண்டு போட்ட கை. அம்மா கை இல்லை. போகப் போகச் சமமாயிற்று. முந்தானைப் பக்கம் வந்தபோது அப்பா போட்ட வலது கரைக்கும் இடது கரைக்கும் விரலுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

வாசலுக்குப் போய் அவள் கையில் வைத்தேன்.

"போகப் போக கரை நல்லா வந்திருக்குது" என்றேன்.

"மொதல்ல கை நடுங்குச்சிமா" என்றாள் அவள், புடவையை மார்போடு அணைத்துக்கொண்டு. உள்ளே அப்பா முகத்தைத் துண்டால் துடைப்பது தெரிந்தது.

மறுநாள் காலை கோயிலில் மாலை மாற்றிக்கொண்டார்கள். மாம்பழ மஞ்சள் அவளுக்கு அவ்வளவாகப் பொருந்தவில்லை. அம்மாவுக்குப் பொருந்தியிருக்கும்.

7

திரும்பி வந்து சில மாதம் ஆகிறது. புது அட்டை வந்துவிட்டது. பயம் போய்விட்டதா என்று அன்னெகெ அம்மாள் கேட்டார். போகவில்லை. டீக்கடைக்காரருக்கு மட்டும் நிம்மதி. நான் கூப்பிடுவதற்கு முன்னாலேயே வசந்தா ஒரு குரல் செய்தி போட்டுவிடுகிறாள். ஒரே வார்த்தை. "இருக்காருமா." பின்னால் தறி ஓடும், இடைவெளி விட்டு விட்டு. முன்பு அந்த இடைவெளியில் அம்மா பேசிக்கொண்டே இருப்பாள், சாலை போடாததிலிருந்து சீரியல் மாமியார் வரை யாரையாவது திட்டிக்கொண்டு. இவர்கள் பேசுவதில்லை. அவளை என்னவென்று கூப்பிடுவது என்பது எனக்குக் கைவரவில்லை, அவங்க இவங்க என்றே ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன்.

போன வாரம் ஒரு காலை செய்தி வரவில்லை. அப்பாவைக் கூப்பிட்டேன். உடனே எடுத்தார், இருக்கேன்மா என்றார், குரல் தெளிவாக இருந்தது. ஆனால் பின்னால் தறி ஓய்ந்து கிடந்தது. மறுபடி பயம் வந்தது. எனக்கே புரியவில்லை, இவர்தான் பேசுகிறாரே, பிறகு யாருக்காக என்று.

"சித்தி எங்கப்பா? நேத்து குரல் ஒரு மாதிரி இருந்துது. தலைவலின்னு ஏதாச்சும் சொன்னாங்களா? நல்லா கேட்டியா?"

அப்பா சிரித்தார். அம்மா போனபிறகு அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

"தாமல்ல திருவிழான்னு போயிருக்கிறா, போன்ல சார்ஜ் இருந்திருக்காது. அவளுக்கும் ஆரம்பிச்சிட்டியாமா?"

ஆமாம்பா என்றேன். பஸ் ஏறும்போதே கூப்பிடச் சொல்லு என்றேன்.